வல்லி போடாத கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை, ஒசூர் சாலை மேம்பாலத்தில் எங்கள் கம்பெனி வேன் நகராமல் நின்றிருந்தபோது சேகரின் அழைப்பு வந்தது. சேகர், என் சக ஆராய்ச்சியாளர் அமுதவல்லியின் கணவர். "கோபி, வல்லி எழுந்திருக்கல. காபி எடுத்துட்டுப் போய்த் தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருக்கா" என்றார். அதன்பின் அவர் போனை வைக்கவே இல்லை. நான் இறங்க வேண்டும் என்றேன். மேம்பாலத்தில் கதவைத் திறக்க முடியாது என்றார் ஓட்டுநர். முக்கால் மணி நேரம் போனைக் காதில் வைத்தபடி அந்த இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். வல்லிக்கு வயது நாற்பத்தேழு.

அவர் ஜோகுபாளையத்தில் ஒரு சந்தில் பிறந்து, அங்கேயே வாழ்ந்தவர். அப்பா ராணுவ மெஸ்ஸில் சமையல்காரர். அந்தச் சந்திலிருந்து வேதியியலில் முதுகலை முடித்த முதல் பெண் வல்லிதான். ஹெப்பகோடியில், இருபது பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே திங்கட்கிழமை சேர்ந்தோம்.

எங்கள் வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் கிடைக்கும் குட்டிச் சங்கிலிக்குப் பெப்டைடு என்று பெயர். சில பெப்டைடுகளை நீரில் கரைத்து, நம் உடலில் இருக்கும் அளவு உப்பைச் சேர்த்தால் போதும். அவை தாமாகவே அணிசேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நூல்களாகி, நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு ஜெல்லாகிவிடும். காயத்தில் வைத்தால் ரத்தம் நிற்கும். புதிய செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும்.

முதல் ஜெல் உருவாக எட்டு மாதங்கள் ஆயின. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் உள்ளே இருந்தது விழவில்லை. வல்லி அதைக் கவிழ்த்துப் பிடித்தபடியே வாசல் காவலரிடம் ஓடினார். "நோடி அண்ணா, நீரு பீளல்ல!" என்று, தண்ணீர் விழவில்லை பாருங்கள் எனக் கன்னடத்தில் கூவினார். திரும்பி வந்து, "யாரும் ஒட்டல, தைக்கல கோபி. அதுங்களே ஒண்ண ஒண்ணு கண்டுபிடிச்சுக்குது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

சில ஆண்டுகளில் சேகரின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதைத் தாங்கியது கம்பெனி எடுத்துக் கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடு.

பிறகு ஒரு தொகுதி ஜெல்லில் வளர்த்த செல்கள் செத்தன. மற்ற தொகுதிகள் நன்றாகவே இருந்தன. வல்லி மூன்று வாரம் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். பெப்டைடைத் தயாரிக்கும்போது பயன்படுத்தும் கடுமையான அமிலம் முழுதாக நீங்காமல், தொகுதிக்குத் தொகுதி கூடியும் குறைந்தும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு பேட்ச்தானே மேடம். அவுட்லையர்னு கணக்குலேர்ந்து ஒதுக்கிட்டு, ரிப்போர்ட்ல சைன் பண்ணிடுங்க" என்றார் துறைத் தலைவர். நானும் அங்கே இருந்தேன்.

"அவுட்லையர் இல்ல சார், அதுலதான் விஷயமே இருக்கு. இத ஒருத்தரோட காயத்துல வைக்கப் போறாங்க."

"கிளையன்ட் வெய்ட் பண்றாங்க."

"ரெண்டு மாசம் குடுங்க. மூணு தடவ கழுவி, திரும்பவும் செஞ்சு காட்றேன்."

கொடுக்கவில்லை; வல்லி கையெழுத்தும் போடவில்லை. நான்காம் நாள் அந்த அறிக்கை என் மேசைக்கு வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் காரணங்கள் இருந்தன. எல்லோரிடமும் இருக்கக்கூடிய காரணங்கள்தான். அவற்றை இங்கே எழுதி என்னைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பவில்லை.

வல்லியை ஆவண அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. அவருடைய அடையாள அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்காமல் போனது. பழைய கோப்புகளை வரிசைப்படுத்துவது வேலை. அது ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒன்பது மணிக்கு வந்து ஆறு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"வேற எடம் பாக்கலாமே" என்று ஒருமுறை வெட்கமில்லாமல் சொன்னேன்.

"எங்க போறது கோபி? விலகுனா ரெண்டு வருஷம் இதே துறையில வேல பாக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. புது இன்ஷூரன்ஸ் எதுவும் சேகரோட கிட்னிய ஒத்துக்காது. நான் வெளிய போனா அவரு போயிடுவாரு. ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்க" என்றார். குரலில் கோபமே இல்லை.

அடுத்த ஆண்டு, வாடிக்கையாளரின் ஆய்வகத்திலும் செல்கள் செத்தன. சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. புதிய செய்முறையை எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். வல்லியின் பழைய குறிப்பேட்டைத் திறந்து, மூன்று முறை கழுவுவதை அப்படியே எழுதினேன். அவர் பெயரை எழுதியிருந்தேன். அச்சான செய்முறையில் அது இல்லை. ஜெல் தேறியது.

அதைச் சொல்வதற்காக ஆவண அறைக்குப் போனேன்.

"செல்லு சாகலையே?"

"சாகல."

"எத்தன நாள் பாத்தீங்க?"

"பதினாலு நாள்."

போனில் இருந்த நுண்ணோக்கிப் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். ஆய்வகத்துக்கு எப்போது திரும்ப அழைப்பார்கள் என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. "போறப்போ கதவச் சாத்தாதீங்க, மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னார். அவரை யாரும் திரும்ப அழைக்கவும் இல்லை. இறந்ததற்கு முந்தைய நாளும் அந்த அறையில்தான் இருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஜோகுபாளையத்தில், ஷாமியானாவுக்குக் கீழே சேகர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அந்த ரிப்போர்ட்ல அவளுக்குப் பதிலா யாரு கையெழுத்து போட்டாங்கன்னு எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். 'யாரோ, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு'ன்னு முடிச்சுடுவா. உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான்" என்றேன்.

சேகர் என்னையே பார்த்தார். அதற்குள் உடலை எடுக்கப்போவதாக உள்ளேயிருந்து குரல் வந்தது. எழ முயன்றார், முடியவில்லை. தாங்கிக்கொள்ள அவருடைய இடது கையை நோக்கிக் குனிந்தேன். "அது டயாலிசிஸ் ஊசி போடற கை, இதப் பிடிங்க" என்று வலது கையை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். தெருமுனையில் நின்ற வண்டி வரை, வல்லிக்குப் பின்னால், அவர் என் கையை விடாமல் நடந்தார்.

வல்லி, நீங்கள் சொன்னது சரி. அது சரியென்று அன்றைக்கே எங்கள் எல்லோருக்கும் தெரியும். சென்று வாருங்கள்.