கார்மேகம் வைத்த ஃபேன்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் கேரவன் பழுது பார்க்கும் ஒரு ஷெட்டில் கார்மேகம் பதினாறு வருடமாக எலக்ட்ரீஷியன். கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் மேக்கப் போடும் வண்டியை நினைக்க வேண்டாம். இது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற, சக்கரம் வைத்த சின்ன வீடு. குளிர்காலம் வந்தால் அரபிக் குடும்பங்கள் இதை இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய் நாள்கணக்கில் தங்குவார்கள். உள்ளே லைட், தண்ணீர் பம்பு எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். அந்த பேட்டரி சாகாமல் பார்த்துக்கொள்வது கார்மேகத்தின் பிழைப்பு.

ஆள் கமுதிப் பக்கம், நாற்பத்தேழு வயது. வேலையில் குறை சொல்ல முடியாது, குணத்தில் தாராளமாகச் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவன் தட்டில் ஒரு துண்டு கறி கூடுதலாக விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கென்று ஒரு பெருமையும் இருந்தது. முதலாளியை அங்கே அர்பாப் என்பார்கள். அர்பாப் அப்துல் ஹாதியின் குடும்பம் டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் பாலைவனத்தில் கேம்ப் போடும். ஏழெட்டு கேரவன்கள் போகும், அவற்றைக் கவனிக்க ஒரே ஒரு எலக்ட்ரீஷியன் கூடப் போவார். பதினோரு வருடமாக அது கார்மேகம்தான். அர்பாபின் தம்பிமாரோடு கம்பளத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டைச் சுற்றி ஆட்டுக்கறிச் சோறு சாப்பிடுவார். அதைப் போட்டோ எடுத்து மனைவி ஜெயமணிக்கு அனுப்புவார். கமுதியில் அவள் அந்தப் போட்டோக்களைத் தெருவெல்லாம் காட்டுவாள் என்பது அவருடைய கணக்கு.

பிப்ரவரியில் பிரைட் வந்து சேர்ந்தான். குளச்சல்காரன், டிப்ளமோ படித்தவன், முப்பது வயதுகூட ஆகவில்லை. அன்றிலிருந்து கார்மேகத்தின் வயிறு எரிய ஆரம்பித்தது. அர்பாபுக்குக் கார்மேகம் என்ற பெயர் வாயில் நுழையாது. பதினாறு வருடமும் ‘காரு’தான். பிரைட்டை மட்டும் வந்த மூன்றாம் நாளே பிரைட் என்று சுத்தமாகக் கூப்பிட்டார். அவன் என்ன செய்வான் பாவம், பெயர் அப்படி. ஆனால் அதையும் அவன் திட்டம் போட்டு வைத்துக்கொண்டு வந்த மாதிரிதான் கார்மேகம் பார்த்தார். தினமும் சாயங்காலம் போனில் ஜெயமணியிடம் அவனைப் பற்றித்தான் புலம்பல். அவன் மீட்டர் வைத்திருக்கிறான், அவன் சட்டையில் கிரீஸ் படுவதில்லை, அர்பாப் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

அக்டோபரில் ஒருநாள் பிரைட் ஆபீஸ் அறையில் அர்பாப் முன்னால் நின்று எதையோ கெஞ்சிக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகக் கார்மேகம் பார்த்தார். அர்பாப் தலையாட்டி, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். கேம்ப்புக்கு அடி போடுகிறான் என்று கார்மேகம் முடிவு கட்டிவிட்டார். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்கு வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அர்பாபின் தாயாருடைய கேரவன் மக்கர் பண்ணியது. பேட்டரியை நிறைய சார்ஜ் ஏற்றி வைத்தாலும் நாலே நாளில் செத்துப்போகும். கார்மேகம் இரண்டு முறை புது பேட்டரி மாற்றினார். வெயிலைக் குறை சொன்னார், இப்போதெல்லாம் பேட்டரி வெறும் டப்பா என்றார். இரண்டும் செத்தன. டிசம்பர் முதல் வாரத்தில் அர்பாப் இருவரையும் கூப்பிட்டு இந்தியில் கத்தினார். வியாழக்கிழமைக்குள் கோளாறு தெரிய வேண்டும், கண்டுபிடிக்கிறவன்தான் இந்த வருடம் கேம்ப்புக்கு வருவான் என்றார்.

புதன்கிழமை காலை பிரைட் மெயின் சுவிட்சை அணைத்தான். பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றி, அதற்கு நடுவே மீட்டரை வைத்தான். வண்டிக்குள் ஒன்றுமே ஓடவில்லை என்றால் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று காட்டியது.

“அண்ணே, மெயின் ஆஃப் செஞ்ச பொறவும் ஒரு ஆம்பியர் போவுது பாத்துக்கிடுங்க. சுவிட்ச் வழியா போவாம, பேட்டரியில இருந்து நேரா யாரோ ஒயர் எடுத்திருக்காவ.”

அந்த ‘யாரோ’ காதில் விழுந்ததும் கார்மேகத்துக்குப் பொறி தட்டியது. நாலு வருடத்துக்கு முன்னால், படுக்கை விரிப்பு வைக்கிற அலமாரியில் புழுங்கல் நாற்றம் அடிக்கிறது என்று அந்தத் தாயார் சொல்ல, அலமாரிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு ஃபேன் வைத்தவர் அவரே. டிரைவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் ஃபேன் நின்றுவிடுமே என்று பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிட்டார். பிறகு மறந்தும் போனார். சுற்றிக்கொண்டிருந்தவரை அது குடித்த கரண்ட் கொஞ்சம், கூரையில் இருந்த சோலார் தகடு அதைச் சமாளித்தது. இந்தக் கோடையில் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளி உறையும் போட்டு மூடினார்கள். தகட்டுக்கு வெயில் இல்லாமல் போயிற்று.

எல்லாம் புரிந்தும் கார்மேகம் வாய் திறக்கவில்லை. மத்தியானம் பிரைட் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே புகுந்து அலமாரியின் பின்பலகையைக் கழற்றினார். ஃபேன் மணல் அடைத்து நின்றுபோயிருந்தது. சுற்ற முடியாமல் முக்கிக்கொண்டு கரண்டை இழுத்ததில் தொட்டால் சுட்டது. சுற்றாததால் சத்தமும் இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ஒயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி, பலகையைப் பழையபடி மூடிவிட்டு வெளியே வந்தார். இனி அவன் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் கிடைக்காது.

பிரைட் திரும்பி வந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது. அவன் கேபிளை ஆட்டிப் பார்த்தான், மீட்டரைத் தட்டிப் பார்த்தான், நாலு மணி நேரம் வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். கார்மேகம் எதிரே உட்கார்ந்து சுலைமானி குடித்தார். பத்து மாதத்தில் அவ்வளவு ருசியான டீ அவர் குடித்ததில்லை.

ஐந்தரை மணிக்கு அர்பாப் வந்தார். பிரைட் உள்ளதைச் சொன்னான். காலையில் கசிந்தது, இப்போது நின்றுவிட்டது, காரணம் தெரியவில்லை, இன்னொரு நாள் வேண்டும் என்றான். அர்பாப் அதில் பாதியைத்தான் கேட்டார். குனிந்து மீட்டரைப் பார்த்தார், பூஜ்யம். வேறென்ன வேண்டும் அவருக்கு? “கலாஸ்! ஷாபாஷ் பிரைட்!” என்று, வேலை முடிந்த கணக்கில் அவன் தோளில் ஓங்கித் தட்டினார்.

கார்மேகம் இதை யோசிக்கவே இல்லை. அவனை முட்டாளாக்க வைத்த பூஜ்யம் அவனுக்கே மாலையாக விழுந்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் அவர் வைத்த ஃபேன் பற்றி யாருக்குமே தெரிந்திருக்காது, பெயரும் பிழைத்திருக்கும். ஆனால் அர்பாபின் கை இன்னும் பிரைட்டின் தோளிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை.

“அர்பாப், பிரைட் நஹி. மே காட்டா” என்று முன்னால் போய் நின்றார். நான்தான் வெட்டினேன் என்று மார்பில் வேறு அடித்துக்கொண்டார்.

எதை வெட்டினாய் என்று அர்பாப் கேட்டார். ஃபேன் ஒயரை என்றார் கார்மேகம். யார் வைத்த ஃபேன் என்று அடுத்த கேள்வி வந்தது. கடைசியில் என்னுடையது என்று சொல்லித் தீர வேண்டியதாயிற்று.

அர்பாப் அவரை முறைத்தார். அப்புறம் உன் ஒரு ஃபேனுக்கு என் இரண்டு பேட்டரியா என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கேம்ப்புக்குக் காரு வராமல் வேறு யார் வருவது என்றார். பிரைட் பதினெட்டாம் தேதி ஊருக்குப் போகிறான், லீவுக்கு அக்டோபரிலேயே கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இரண்டு பேரும் மும்முரமாகத் தேடட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

“காலம்பறயே சொல்லியிருந்தா நான் நாலு மணிக்கூர் முட்டுல நிக்காம இருந்திருப்பேனேண்ணே” என்றான் பிரைட். கார்மேகத்துக்கு அதுவே செருப்படியாக இருந்தது.

இருவரும் சேர்ந்து ஒரு புது ஃபேனை மெயின் சுவிட்ச் வழியாக, ஃபியூஸ் வைத்து மாட்டினார்கள். உறையை உரித்து, வண்டியை வெயில் படும் இடத்துக்குத் தள்ளினார்கள். தள்ளும்போதுதான் பிரைட் சொன்னான், செப்டம்பரில் அவனுக்குப் பெண்குழந்தை பிறந்ததாம். போனில் பார்த்ததோடு சரியாம். அவன் வரட்டும் என்று மனைவி பெர்சி ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துமஸுக்குத் தள்ளி வைத்திருக்கிறாளாம். டிசம்பரில் எப்படி லீவு கிடைத்தது என்று கார்மேகம் கேட்டார். கேட்டேன், தந்தார் என்றான் அவன்.

பதினோரு வருடமாகக் கார்மேகம் ஊருக்குப் போவது ஜூனில்தான். கேம்ப்பை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் டிசம்பரை அவர் கேட்டதே இல்லை. மகள் விஜியின் சடங்கு நடந்தது ஒரு டிசம்பரில். அன்றைக்கும் அவர் கம்பளத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது பிரைட்டைப் பார்க்கப் பார்க்க, இதற்கு முன் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

ஆறரைக்கு ஜெயமணியைக் கூப்பிட்டார். “இந்த வருசமும் கேம்ப்பு எனக்குத்தான்” என்றார். நினைத்த அளவுக்குக் குரல் எழும்பவில்லை.

“சரிங்க” என்றாள் அவள். “அப்ப அந்தத் தம்பி?” என்று கேட்டாள்.

“அவன் ஊருக்குப் போறான். புள்ளைய பாக்க.”



“அவன் பொண்டாட்டி குடுத்து வச்சவ” என்றாள் ஜெயமணி.

அந்தக் குரலைக் கார்மேகத்துக்கு நன்றாகத் தெரியும். பத்து மாதமாகத் தினமும் சாயங்காலம் இதே குரலில்தான் அவர் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.