எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றிய கோடை

பக்கவாதம் வந்து என் கணவரின் வலது கை சரியாக வராமல் போன பிறகு, எங்கள் பழைய டிராக்டரின் ஏர் கிளீனரைக் கழுவும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. யாரும் சொல்லி வரவில்லை. செய்ய வேறு ஆளில்லை, அவ்வளவுதான். டிராக்டரை ஓட்டுவதற்கு எங்கள் தெருக்காரர் ஒருவர் வருவார். அவருக்கு ஓட்டுவதோடு சரி. இறங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் நல்ல புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பழைய நைட்டியோடு கொட்டகைக்குப் போவேன். எஞ்சினுக்குப் பக்கவாட்டில் உருளையாக நிற்கும் அந்த ஏர் கிளீனரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் எண்ணெய். உள்ளே இழுக்கப்படும் காற்று அந்த எண்ணெயில் மோதி, தூசியை அங்கேயே விட்டுவிட்டு எஞ்சினுக்குப் போகும். கோடை உழவு சமயத்தில் அந்த எண்ணெய் சேறாகிவிடும். கிளாம்பைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்கி, சேற்றை வழித்து, டீசலில் கழுவி, கிண்ணத்தில் அளவுக்குப் போட்டிருக்கும் கோடு வரைக்கும் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். மறுநாள் குழந்தைகளுக்கு ஊசி போடும்போது தாய்மார்கள் என் கையைப் பார்ப்பார்கள். நான் கையுறையைச் சீக்கிரமாகவே மாட்டிக்கொள்வேன்.

“பேப்பர் ஃபில்டர் போட்டுடலாங்க. இப்ப வர்ற வண்டியெல்லாம் அதானே?” என்று பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“இந்த வண்டிக்கு அது ஒத்து வராது. மூச்சு முட்டும்” என்பார். அதோடு பேச்சு நின்றுவிடும். அவர் தன் கையாலேயே ஓட்டிய வண்டி. அதில் ஒரு போல்ட்டை மாற்றினாலும் தன்னைக் கேட்காமல் தன் உடம்பில் கை வைத்த மாதிரி முகம் போகும். எனக்கும் வாதாடத் தெம்பு இருக்காது.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு தடுப்பூசி முகாம். நான் விடியலிலேயே கிளம்பிவிட்டேன். மதியம் திரும்பி வந்து சாப்பிடக்கூட உட்காரவில்லை, வயல் பக்கமிருந்து ஒரு சத்தம். எஞ்சின் அலறுகிற சத்தம். ஓடினேன். டிராக்டர் வரப்போரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. புகைக்குழாயிலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை கொட்டியது. ஓட்டுபவர் நிறுத்தும் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தினார்: “நிக்க மாட்டேங்குது! டீசல கட் பண்ணியும் நிக்க மாட்டேங்குது!”

என் கணவர் காலை இழுத்து இழுத்து வரப்பில் வந்தார். தண்ணீர்க் குடத்துக்குச் சுற்றியிருந்த ஈரச் சாக்கை இடது கையால் பிடுங்கினார். காற்று போகும் குழாயின் தொப்பியைத் தட்டிவிட்டு, அந்தச் சாக்கைக் குழாய் வாயில் வைத்துத் தன் மார்பாலேயே அழுத்திக்கொண்டார். எஞ்சின் இரண்டு தரம் குலுங்கிவிட்டு நின்றது. நான் கிளாம்பைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்கிப் பார்த்தேன்.

எரிந்தது போகவும் எண்ணெய் கோட்டுக்கு மேலேயே நின்றது. வண்டி சரிந்ததும் எஞ்சின் அந்த எண்ணெயையே உறிஞ்சி எரித்து ஓடியிருக்கிறது. காலையில் நான் இல்லாததால் என் கணவரே கழுவி ஊற்றியிருக்கிறார். கை நடுங்கியிருக்கும், அளவு தப்பியிருக்கும். வீட்டுக்கு வந்து, பக்கத்துப் புகைக்குழாய் உரசி அவர் மார்பில் சூடு பட்டிருந்த இடத்தில் மருந்து தடவினேன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மெக்கானிக்க வரச் சொல்லு. மாத்திடட்டும்.”

இத்தனை நாள் கேட்க நினைத்த சொல். ஆனால் அவர் சொன்ன குரலில் எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மெக்கானிக் வந்தார். சிரித்த முகம், அவசரக்காரர். பழைய உருளையை அப்படியே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேறொரு வண்டியின் ஃபில்டர் டப்பாவை அதே இடத்தில் பட்டை வைத்துப் பிடித்தார். டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ். “இனிமே எண்ணெய்ங்கிற பேச்சே இல்ல நர்ஸம்மா. தூசி சேந்தா எடுத்துத் தட்டுங்க, போதும்” என்றார். என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த உழவிலேயே வண்டி கரும்புகை கக்கியது. கலப்பையை இறக்கினால் இழுக்கவில்லை. “நாந்தான் சொன்னேனே, மூச்சு முட்டும்னு” என்றார் கணவர். அந்தக் கோடையில் முதல் தடவையாக அவர் குரலில் ஒரு தெம்பு. எனக்கோ அழுகை வந்தது. டூட்டி முடிந்து வந்த களைப்பு, வெயில், திரும்பவும் அந்தச் சேற்றுக் கிண்ணம் என்கிற நினைப்பு. பக்கத்திலிருந்த மண்ணாங்கட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஓட்டுபவரிடம், “வண்டிய நகத்தாம நின்ன இடத்துலயே ரேஸ் பண்ணுங்க” என்றார். குனிந்து பார்த்தார். “இங்க வா, இதப் பாரு.”

எஞ்சின் வேகம் ஏற ஏற, அந்த ஹோஸ் வயிறு ஒட்டின மாதிரி உள்ளே சப்பிக்கொண்டது. வேகத்தைக் குறைத்ததும் மறுபடி உப்பியது. மெல்லிய ரப்பர், காற்றின் இழுப்பைத் தாங்கவில்லை. ஃபில்டரின் மேல் தப்பில்லை.

“அப்ப ஹோஸ மட்டும் மாத்துனா போதுமாங்க?”

“போதும். உள்ள கம்பி சுத்துனது இருக்கும், கேட்டு வாங்கச் சொல்லு” என்றார். அவர் ஹோஸைக் காட்டாமல் இருந்திருந்தால் பழைய கிண்ணமே திரும்பியிருக்கும். அது அவருக்கும் தெரியும்.

கம்பி சுற்றிய ஹோஸ் வந்தது. புகை நின்றது. மீதி உழவு முடிந்தது. ஃபில்டரைத் தட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இடது கையால் எடுத்து டயரில் லேசாகத் தட்டுவார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார், மறுபடி தட்டுவார். தூசியெல்லாம் அவர் வேட்டியில். அதைத் துவைப்பது நான்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

ஆற்றில் தண்ணீர் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், உழுது போட்ட வயலைப் பார்த்தபடி இருவரும் நின்றிருந்தோம். “இந்தப் போகத்தோட நிலத்தக் குத்தகைக்கு விட்டுடலாமா?” என்று கேட்டார்.

விடலாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் உடம்பில் தெம்பில்லை. “டீ போடறேன், வாங்க” என்றேன். அவர் வந்தார். குறுவைக்கு விதை நெல் வாங்க மறுநாள் போவதா, அதற்கு மறுநாளா என்று பேசிக்கொண்டே நடந்தோம்.