மிச்சம் ஒன்பதும் இதே கணக்கு

ஓர்ஸ் ஹில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணக்கைக் கண்டதும் கூட்டத் தொடங்காதீர்கள், முதலில் அதை உற்றுப் பாருங்கள் என்று ஒரு வாரமாகத் தொண்டை கட்டக் கத்தியிருந்தேன். 46 + 29 = 47 + □ என்றால், நாற்பத்தாறில் ஒன்று கூடியிருக்கிறது; ஆகவே இருபத்தொன்பதில் ஒன்று குறையவேண்டும். விடை 28. கூட்டிப் பார்க்கவே தேவையில்லை.

வெள்ளிக்கிழமை அதே மாதிரிப் பத்துக் கணக்குகளை வீட்டில் செய்யக் கொடுத்தேன். திங்கட்கிழமை ஒரு பிள்ளையின் கொப்பியில் முதற்கணக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தது. கீழே அழகான கையெழுத்தில், "மிச்சம் ஒன்பதும் இதே கணக்குத்தான், ரீச்சர்" என்று எழுதியிருந்தாள்.

வந்த கோபத்தில் தாயைக் கூப்பிட்டு அனுப்பினேன். பாலையூற்றிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வகுப்புக்குள் நுழைந்தார்.

"வீட்டிலயும் இப்பிடித்தான் ரீச்சர். பத்துக் கோப்பை கழுவச் சொன்னா, ஒண்டைக் கழுவிப்போட்டு வந்து நிக்கிறா."

பிள்ளைக்கு உண்மையிலேயே விளங்கியிருக்கிறதா என்று தாயின் முன்னாலேயே பார்த்துவிட நினைத்தேன். கரும்பலகையில் 46 − 29 = 47 − □ என்று எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பொறுக்கமாட்டாமல் நானே பெட்டிக்குள் 28 என்று எழுதி, "இதுவும் அதே கணக்குத்தானே?" என்றேன்.

"இல்ல ரீச்சர், இது வேற. முப்பது வரும்."

பலகையின் மூலையில் சின்னதாகக் கழித்துப் பார்த்தேன். முப்பதுதான்.

"எப்பிடித் தெரியும்?"

"இது வயசு மாதிரி ரீச்சர். எனக்கு ஒரு வயசு கூடினா அம்மாவுக்கும் ஒண்டு கூடும். வித்தியாசம் மாறாது. இப்ப அம்மாவுக்கு நாப்பத்தொண்டு, எனக்குப் பத்து..."

"முப்பத்தொன்பது," என்றார் தாய், மெல்லிய குரலில்.

பிள்ளை தயங்கவேயில்லை. "அப்ப எனக்கு எட்டு. நான் மூண்டாம் வகுப்பில இருக்கவேணும்."

தாய் என் பக்கம் திரும்பினார். "இவவுக்கு அந்த ஒன்பது கணக்கையும் இப்பவே செய்யக் குடுங்கோ ரீச்சர்."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. ஒரு வாரமாக நான் சொன்னதைத்தான் அவள் செய்திருந்தாள். நான் கோபப்பட்டதுதான் பிழை. கொப்பியை வாங்கிச் சரி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்துக்குப் பதிலாக மூன்றே கணக்குகள் கொடுத்தேன், மூன்றும் மூன்று விதம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அந்த மூன்றையும் யோசித்து எழுத எனக்குத்தான் மூன்று நாள் பிடித்தது.