சும்மா என்று குறித்த நேரம்

ஆய்வுக்கூட வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். பதவி உயர்வு வரவில்லை என்று சிலரிடம், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள ஆசை என்று சிலரிடம். உண்மை என்னவென்றால், எனக்குக் காத்திருந்து அலுத்துப் போயிற்று. எழுபதுகளில் தில்லியில் ஒரு அரசு ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷம் வேதியியல் பார்த்தவள் நான். வேதியியலைவிடக் காத்திருப்பதுதான் அங்கே அதிகம். ஒரு கருவிக்கு வெளிநாட்டு விளக்கு ஒன்று வேண்டியிருந்தது. இறக்குமதி அனுமதிக்கு எழுதிப் போட்டுவிட்டு இரண்டு கோடை உட்கார்ந்திருந்தேன். விளக்கு வந்து சேர்ந்தபோது கருவியே பழுதாகியிருந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். ஸ்டோர் ரெஜிஸ்டரில் என் கையெழுத்து இருந்ததால் வீசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாரகம்பா சாலையில் இருந்த ஒரு சின்ன மேலாண்மை ஆலோசனை நிறுவனம் ஆள் தேடியது. தொழிற்சாலைகளுக்குப் போய், வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து, எதை மாற்றலாம் என்று அறிக்கை கொடுப்பது அவர்கள் தொழில். ரசாயனம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். என் கணவர் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் அவர் பெயரில் இருந்ததால் வீட்டுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“பென்ஷன் வர்ற வேலை. அதை விட்டுட்டு யாரோட ஃபேக்டரிலயோ போய் என்ன பண்ணப் போறே?”

“யாரெல்லாம் சும்மா உக்காந்திருக்காங்கன்னு பார்த்து எழுதப் போறேன்.”

“அதுக்கு எங்க ஆபீசுக்கே வரலாமே. பஸ் சார்ஜ் மிச்சம்.”

போய்ச் சேர்ந்தேன். எங்கள் தலைவர் முன்பு ரயில்வேயில் இன்ஜினியராக இருந்த பஞ்சாபிக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர். ஒரே வாரத்தில் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஆளுக்கு ஒரு தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்த நொடியில் அந்த ஆள் வேலை செய்துகொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் ஒரு கோடு, சும்மா இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் ஒரு கோடு. மூன்று நாள் இப்படிக் கோடு போட்டால் விடை கிடைத்துவிடும். மூன்றே நாள்! ஒரு விளக்குக்காக இரண்டு கோடை காத்திருந்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

தனியாக என்னை அனுப்பிய முதல் இடம் ஓக்லாவில் ஒரு சலவைத்தூள் தொழிற்சாலையின் சோதனை அறை. தயாராகும் தூளில் எது எவ்வளவு இருக்கிறது என்று அங்கே பார்த்துச் சொன்னால்தான் சரக்கு வெளியே போகும். முடிவு வரத் தாமதமாகிறது, லாரிகள் நிற்கின்றன, மூன்று பேர் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்பது மேனேஜரின் கேள்வி. நான் தாள்களை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு பேர் தில்லிப் பையன்கள். என் கையில் கடிகாரத்தைப் பார்த்ததுமே அவர்களுக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. ஒருவன் ஒரே குடுவையை நாலு தடவை கழுவினான். இன்னொருவன் ஒரு பாட்டிலை இந்த அலமாரியிலிருந்து அந்த அலமாரிக்கும், மத்தியானத்துக்கு மேல் அங்கிருந்து பழைய இடத்துக்கும் கொண்டுபோய் வைத்தான். மூன்றாமவருக்கு ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலிக்காரர். ஜனக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். என் பேச்சிலேயே தமிழைக் கண்டுபிடித்துவிட்டு நேரே வந்தார்.

“நீங்க கெமிஸ்ட்டாம்லா. மேனேஜர் சொன்னாரு.”

“ஆமாம் சார். ஒன்பது வருஷம் லேப்லதான் இருந்தேன்.”

“அப்பாடா. அப்ப உங்க முன்னால நடிக்க வேண்டாம். என் வேலைய நான் பாக்கேன், நீங்க எழுதுங்க.”

அவர் வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் பழைய மேஜை ஞாபகம் வந்தது. தூளைக் கரைத்து, மருந்து சேர்த்து, வெள்ளையாக அடியில் இறங்கும் வண்டலைத் தெளிய விட்டார். அதை வடிகட்டி, பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலையில் சுட்டார். சுட்ட கிண்ணத்தை உடனே நிறுக்கக் கூடாது. சூட்டோடு தராசில் வைத்தால் எடை குறைத்துக் காட்டும். வெளியே ஆறவிட்டால் ஆவணி மாசத்து ஈரத்தைக் குடித்துவிடும். அதனால் ஈரம் புகாத கண்ணாடி ஜாடிக்குள் வைத்து அரைமணி ஆறவிட்டு நிறுத்தார். மறுபடி உலை, மறுபடி ஜாடி, மறுபடி தராசு. இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை இதேதான். கிண்ணம் ஆறும் அரைமணியும் அவர் கையைக் கட்டிக்கொண்டு ஜாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாராவது அவசரப்பட்டு மூடியைத் திறந்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

முதல் தடவை நிமிர்ந்து பார்த்தபோது அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பென்சில் ஒரு நொடி நின்றது. அது வேலைதான் என்று எனக்குத் தெரியாதா என்ன? நானே ஆயிரம் தடவை அப்படி உட்கார்ந்தவள். ஆனால் தாளில் இரண்டு கட்டம்தான் இருந்தது, மனிதர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அதோடு, அப்படி உட்கார்ந்திருப்பதன் மேலேயே எனக்கு ஒரு வெறுப்பு ஊறிப் போயிருந்தது. சும்மா என்ற கட்டத்தில் கோடு போட்டேன். இரண்டாவது தடவை பென்சில் நிற்கவில்லை. மூன்று நாள் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, குடுவை கழுவியவனும் பாட்டில் தூக்கியவனும் நல்ல உழைப்பாளிகளாக இருந்தார்கள். அவர் தாளில் பாதிக்கு மேல் சும்மா.

இரண்டு பேர் போதும் என்று அறிக்கை எழுதினேன். தட்டச்சாகி வந்ததைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது, மூன்று தாள்களின் கூட்டுத்தொகையும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தது. யாரை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்பதைச் சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை. எழுந்து தலைவரிடம் போனேன். திருநெல்வேலிக்காரர் சும்மா இருந்ததில் கொஞ்சம் சோதனைக்கே தேவைப்படுகிற நேரமாக இருக்கலாம், அதற்கு ஒரு தனிக் கட்டம் போட்டிருக்க வேண்டுமோ என்னவோ என்று மென்று விழுங்கினேன். கொஞ்சம் என்றேன். இருக்கலாம் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நேரில் பார்த்தது நீங்கள். மாற்ற வேண்டும் என்றால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம். திரும்ப மூன்று நாள் போய்ப் பார்க்க வேண்டுமா, போய் வாருங்கள். கிளையண்டிடம் நான் பேசிக்கொள்கிறேன்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். இவரோ முடிவை என் கையிலேயே கொடுத்துவிட்டார். வந்த முதல் வேலையையே தப்பாகச் செய்தவள் என்று பெயர் வாங்க வேண்டுமா என்று தோன்றியது. மறுபடி அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து காத்திருப்பதை நினைத்தாலே எரிச்சலாக வந்தது.

“வேண்டாம் சார், இருக்கட்டும்,” என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே திருநெல்வேலிக்காரரை அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போதெல்லாம் சோதனை முடிவு பாதி நேரத்தில் வந்துவிடுகிறது, லாரி நிற்பதில்லை என்று நன்றி சொன்னார். கிண்ணத்தைச் சூட்டோடு நிறுக்கிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்தது. ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த அறிக்கைக்குப் பிறகு இன்னும் பெரிய இடங்களுக்கு என்னை அனுப்ப ஆரம்பித்தார்கள். தொழிலில் நான் நன்றாகவே வந்தேன்.

ஒரு வருஷம் கழித்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து “மேடம்” என்று ஒரு குரல். அவர்தான். இளைத்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

“எப்படி இருக்கீங்க சார்?”

“இருக்கேன். இந்த வயசுல யாரு லேப்ல எடுக்காங்க? எல்லாப் பக்கமும் கேட்டுப் பாத்தாச்சு. ஒரு கம்பெனி கோடவுன்ல மூட்டை எண்ணுதேன்.” குறை சொல்கிற குரலே இல்லை. “உங்கள ஒருநாள் பாக்கணும்னு இருந்தேன் மேடம்.”

கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

“அந்த ரிப்போர்ட்ட நான் பாக்கல. ரெண்டு பேரு போதும்னு இருந்துச்சாம். நீங்க அப்படி எழுதியிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். மேல யாரோ மாத்திட்டாங்க, என்ன?”

கடைக்காரன் “ஜல்தி கரோ, பஹன்ஜி” என்று சீக்கிரம் எடுக்கச் சொல்லித் தராசைத் தட்டினான். பதில் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவர் அவசரப்படுத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.

“ஆமாம் சார்,” என்றேன். “நான் எவ்வளவோ சொன்னேன். எங்க தலைவர் கேக்கல.”

“அதான பாத்தேன்,” என்று அவர் தலையாட்டினார். முகம் தெளிந்துவிட்டது. “வீட்ல அவ உங்களத் திட்டிக்கிட்டே இருக்கா. இன்னைக்குப் போய்ச் சொல்லுதேன்.”