இரண்டு மிஸ்டு கால்

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே பெட்ரா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஜெர்மனியில் நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் என்கூட வேலை பார்ப்பவள். வந்த புதிதில் எனக்கு வயிறு எரியும். உத்திரமேரூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவளுக்கு, எதிரில் இருப்பவர் முகம் திருப்பினால் ஒரே அர்த்தம்தான். கடல் தாண்டியும் இந்தச் சாதி விடவில்லையே என்று பொருமி ஒருநாள் கேட்டே விட்டேன்: "என்மேல் என்ன கோபம்?" அவள் பதறிப்போனாள். "கோபமா? நீ பாஸ்வேர்டு அடிக்கிறாய், அதை நான் பார்க்கலாமா?" அடக் கடவுளே! முகம் திருப்புவதில் இப்படியும் ஒரு மரியாதை உண்டென்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

எங்களூர் பிரவுசிங் சென்டரில் எல்லாம் நேர்மாறு. "பாஸ்வேர்டு இன்னாக்கா?" என்று கடைக்காரர் கூவுவார், நாமும் கூவுவோம். மறந்துபோனால் பின்னால் நிற்பவர் எடுத்துக்கொடுப்பார்.

அந்தக் கடையில்தான் போன மழைக்காலத்தில் என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, மஞ்சள் பையோடு போய் நின்றார். என் போட்டோ போட்டு, என் பேரில் அவருக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது: விசாவுக்கு அவசரம், ஆதாரையும் நர்ஸிங் சர்டிபிகேட்டையும் இந்த மெயிலுக்கு அனுப்பவும். அனுப்பியிருந்தால் எவனோ ஒருவன் 'நான்' ஆகியிருப்பான். என் பேரில் சிம் வாங்குவான், கடன் வாங்குவான், நான் விசாவையும் வேலையையும் காப்பாற்ற அலைந்திருப்பேன். ஸ்கேன் முடிந்து, அனுப்பும் பட்டன்தான் பாக்கி. நைனா தடுத்துவிட்டார். எனக்கு இரண்டு முறை அடித்துக் கட் பண்ணினார்.

அது எங்கள் வீட்டு வழக்கம். நான் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் இருந்து படித்தபோது பஸ் ஏறியதும் இரண்டு மிஸ்டு கால் கொடுப்பேன், அவர் சைக்கிளோடு வந்து நிற்பார். ஒன்று வந்தால் அசைய மாட்டார். "ஒண்ணு எவன் வேணா குடுப்பான்" என்பார்.

இடைவேளையில் பார்த்துவிட்டு அலறியடித்துக் கூப்பிட்டேன்.

"இன்னாம்மா, நீயா கேட்ட?"

"நான் ஒண்ணுமே கேக்கல நைனா!"

"அதான பாத்தேன். கடைக்காரரு அவசரப்படுத்திக்கினு கீறாரு. எம்பொண்ணு சொல்லாம ஒரு காயிதமும் போவாதுன்னு குந்திக்கினு கீறேன்."

கழனியில் கூலிக்கு நாற்று நட்டு என்னைப் படிக்கவைத்த மனுஷன். ஸ்கேனை அழிக்கும்வரை அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

போன வாரம் இல்லத்தில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மெயிலைத் திறந்தால், நான்தானா என்று பார்க்க ஒரு நம்பர் அனுப்பினார்கள். அது போனது நைனாவின் ஃபோனுக்கு. பழைய மெயில், ஊரில் அவர் நம்பரைக் கொடுத்துத் திறந்தது. கூப்பிட்டேன்.

"வந்து கீது. சொல்ல மாட்டேன்."

"நைனா, நான்தான்!"

"யார் கேட்டாலும் சொல்லாதன்னு நீதான சொன்ன? இப்ப கொரலக்கூட களவாடுறானுங்களாமே. வை. ரெண்டு குடு."

வைத்தேன். பெட்ரா சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான் உத்திரமேரூருக்கு ஒரு முறை அடித்துக் கட் பண்ணினேன். நான் நான்தான் என்று ஆக இன்னும் ஒன்று பாக்கியிருந்தது.