ஸ்டிக்கருக்கு அடியில்

கற்பாதையில் விழுந்ததில் கரடுமுரடான பாதைக்கென்றே செய்த என் கார்பன் ஃபைபர் சைக்கிளின் ஃப்ரேமில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. கார்பன் வளையாது, திடீரென்று ஒடியும். தெரிந்தே அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்பனைக்கு வைத்தேன்.

தொம்மலூரிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். விரிசல் இருந்தால் சத்தம் மங்கும் என்று, சாவியால் ஃப்ரேமைத் தட்டிக்கொண்டே வந்தவர், ஸ்டிக்கருக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தினார்.

"கல்லு பள்ளத்துல எல்லாம் நம்பி எறக்கலாமா சார்?"

"தாராளமா எறக்கலாம் மேடம்."

"உங்க வார்த்தை போதும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஓட்டிப் பார்க்கத் தெருச் சரிவில் சைக்கிளைத் திருப்பினார்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். ஓடிப்போய் ஸ்டிக்கரை உரித்துக் காட்டினேன்.

விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார். "நான் ஓட்டிப் பாக்காம அப்படியே எடுத்துட்டுப் போயிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

அதுவும் பொய்.