விஜயன் பெயரில் இருந்த வீடு

எங்கள் ஃபிளாட்டில் இரண்டு கட்சிகள் உண்டு. கீழ்மாடிக் கட்சி, மேல்மாடிக் கட்சி. நாட்டில் இருக்கிற கட்சிகள் தேர்தல் வந்தால்தான் கொடி கட்டும். இவை இரண்டும் வருஷம் முழுக்க மல்லுக்கு நிற்கும். காரணம் லிஃப்ட். பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு இரண்டு லிஃப்ட் வைத்தார்கள். ஒன்று நான் குடிவருவதற்கு முன்பே செத்துவிட்டது. இன்னொன்று மனசு வந்தால் ஓடும், வராவிட்டால் கதவைத் திறந்துகொண்டு கீழேயே நிற்கும்.

நான் பதினோராம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இங்கே கிள்ளானிலிருந்து ஃபேக்டரி வேன் ஏற்றிக்கொண்டு போகும். வாடகைக்காரிக்கு இந்தக் கட்டடத்தில் ஓட்டு இல்லை. அதனால் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

ஓட்டு என்று நான் சொல்வது நிர்வாகக் கூட்டத்து ஓட்டை. வீடு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் ஓட்டு என்பது சட்டம். அவரால் வர முடியாவிட்டால் தன் சார்பில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்மாடிச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஷா ஆலாம், பூச்சோங் பக்கம் நல்ல வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே இருப்பதெல்லாம் என்னைப் போல வாடகை ஆட்கள். போனவர்கள் எழுதிக் கொடுக்கிற தாள் நேராக சேர்மன் இராமலிங்கத்தின் கைக்கு வரும். அவர் தன் ஆட்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பார். இராமலிங்கம் இருப்பது இரண்டாம் மாடி. படி ஏறுகிறவனுக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கிறவன் படி ஏறுவதில்லை. எங்கள் அரசியல் இவ்வளவுதான்.

தாமரை அக்கா என் எதிர்வீடு. அவர் வாடகைக்காரி இல்லை. ஆனால் அவருக்கும் ஓட்டு இல்லை. வீடு அவர் கணவர் விஜயன் பெயரில் இருந்தது. விஜயன் அண்ணன் இறந்து ஆறு வருஷம் ஆகியும் வீடு அவர் பெயரிலேயே இருந்தது.

விஜயன் அண்ணன் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். இந்தக் கட்டடம் எழும்பியபோது குலுக்கலில் அவருக்கு மூன்றாம் மாடி விழுந்தது. அதிர்ஷ்டம் என்று ஊரே சொன்னது. மனுஷன் பதினோராம் மாடிக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து மாற்றிக்கொண்டார். "மேல இருந்தா என் லோரி வர்றது உனக்குத் தெரியும் லா" என்று மனைவியிடம் சொன்னாராம். அது போலவே அக்கா பால்கனியில் நின்று, பெரிய சாலையில் அந்தப் பச்சைத் தலை லோரி திரும்புவதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார். சோறு ஆறக்கூடாது என்பதற்காக. துறைமுக வாசலில் வரிசையில் காத்திருந்தபோது ஸ்டேரிங்கிலேயே அண்ணன் சாய்ந்துவிட்டார். அதன் பிறகும் சாயங்காலமானால் அக்கா பால்கனிக்குப் போய்விடுவார். லோரிகள் வந்துகொண்டேயிருக்கும். ஏக்கத்துக்கு ஒரு முகம் உண்டென்றால் அது அந்த நேரத்து தாமரை அக்காவின் முகம்தான். நான் பார்க்காத மாதிரி என் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அக்கா தன் வாயால் கணவர் பெயரைச் சொன்னதே இல்லை. "என்னங்க" என்பார், "லோகன் அப்பா" என்பார். கிளினிக்கில் யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார், நாங்கள் சொல்லுவோம். அண்ணன் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று. ஜொகூரில் இருக்கிற மகன் லோகனுக்கு அவர் அப்பா. எங்களுக்கு அண்ணன். ஒரு மனிதர் போய்விட்டால் அவர் பெயரும் எவ்வளவு சுருக்காகக் காணாமல் போகிறது என்பதை அக்காவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரே ஓர் இடத்தில் அது கேட்கும். வருஷாந்திரக் கூட்டத்தில். முன்பு ஒரு வருஷம் கள்ளக் கையெழுத்து என்று நாற்காலி பறக்கிற அளவுக்குச் சண்டை நடந்ததாம். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுச் சொந்தக்காரரின் பெயரையும் சத்தமாகக் கூப்பிட வேண்டும், ஆள் எழுந்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆபீஸ் பெண் மைக்கைப் பிடித்து, "விஜயன் அனாக் லெலாக்கி சின்னப்பன்" என்பாள், சின்னப்பன் மகன் விஜயன் என்று. மண்டபத்தின் மூலையில் தாமரை அக்கா எழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "அடா" என்பார். மலாயில் 'இருக்கிறேன்' என்று அர்த்தம். கணவர் பெயரையே சொல்லாத பெண், அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் 'அடா' போடுகிறாளே என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

"அக்கா, ஆள் வந்தாதான் ஓட்டு. நீங்க உட்காருங்க" என்பார் இராமலிங்கம். மரியாதையாகத்தான் சொல்வார். அக்கா உட்கார்ந்துவிடுவார். அவர் ஓட்டுக்கு வரவில்லை. அந்தப் பெயரைக் கேட்க வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, மைக்கில். அதற்காக நல்ல சேலை கட்டிக்கொண்டு வருவார்.

போன வருஷக் கூட்டத்தில் லிஃப்ட் விஷயம் ஓட்டுக்கு வந்தது. நிதியில் இருப்பதை வைத்து லிஃப்டை மாற்ற வேண்டும் என்பது மேல்மாடி. வாசலில் வளைவு கட்டி, கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது கீழ்மாடி. வளைவென்றால் சட்டமன்ற உறுப்பினர் வந்து ரிப்பன் வெட்டலாம், லிஃப்டுக்கு ரிப்பன் கட்டினால் கதவு சாத்தாது. கையை எண்ணினார்கள். சரிசமம். சரிசமம் என்றால் சேர்மனுக்கு இன்னோர் ஓட்டு உண்டாம். இராமலிங்கம் இரண்டாம் மாடியை நினைத்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

ஓர் ஓட்டு. எல்லார் தலையும் மூலைக்குத் திரும்பியது. வீட்டைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தால் அந்த ஓட்டு தாமரை அக்காவுடையது.

படிக்கட்டில் வைத்து நான் பொரிந்து தள்ளினேன். "ஆறு வருஷமா என்ன செஞ்சீங்க? லோகன் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது. மேரி அக்காவ நெனச்சுப் பாருங்க லா."

சாந்தமேரி அக்கா எங்கள் மாடியின் கடைசி வீடு. சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். லிஃப்ட் ஓடாத நாளில் பக்கத்து வீட்டு இளவட்டங்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பதினோரு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போவார்.

தாமரை அக்கா கோபப்படவில்லை. "மாத்திட்டா அவரு பேர கூப்பிட மாட்டாங்கல்ல, அமுதா" என்றார். அவ்வளவுதான். ஓட்டு இல்லாதவளுக்கு வாயாவது இருந்தது, அன்றைக்கு அதுவும் இல்லை.

சில வாரம் கழித்து மேரி அக்கா டயாலிசிஸ் போவதை நிறுத்தினார். காய்ச்சல் என்றார், பிறகு அசதி என்றார். கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு வாங்கியது. தாமரை அக்கா கஞ்சி கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும் உண்மை வந்தது. "பிள்ளைங்க வேலைக்குப் போற நேரம். என்னைய பொணம் மாதிரி தூக்குறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு தாமர." அன்றைக்கே ஆம்புலன்ஸ் வரவழைத்தோம். மேரி அக்கா பிழைத்துக்கொண்டார். அவரைக் கீழே இறக்கி அனுப்பிவிட்டுத் திரும்ப ஏறி வரும்போது, ஏழாம் மாடியில் தாமரை அக்கா நின்றார். "லேண்ட் ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை அது. மனு, காத்திருப்பு, பிறகு விசாரணைக்கு நாள். அந்த நாளில் லோகன் ஜொகூரிலிருந்து வந்தான். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். தலையில் துடோங் முக்காடு கட்டிய இளம் அதிகாரி, நல்ல பெண். அக்காவை உட்காரச் சொல்லி, மலாயில் கேட்டாள், "நாமா சுவாமி, மக்சிக்?" கணவர் பெயர் என்ன அம்மா என்று கேள்வி; மலாயிலும் கணவனுக்கு சுவாமி என்றுதான் பெயர். அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதிகாரி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மனு போட்டவர்தான் சொல்ல வேண்டும்.

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். அதிகாரிக்குக் கேட்கவில்லை. லோகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா மூச்சை இழுத்து, "விஜயன்" என்றார். அந்த அறைக்கு அது கொஞ்சம் அதிகச் சத்தம். அடுத்த மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் அடக்கி வைத்திருந்த பெயர் அல்லவா, மெதுவாக வரத் தெரியவில்லை.

திரும்பும்போது லோகன் காரை ஓட்டினான். பாலம் தாண்டியதும் அக்கா, "நல்ல பேரு, இல்ல அமுதா?" என்றார். "ஆமாக்கா" என்றேன்.

இந்த வருஷக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்னால் நின்றேன். தாமரை அக்கா வழக்கமான நல்ல சேலையில் வந்திருந்தார். பக்கத்தில் மேரி அக்கா. ஆபீஸ் பெண் மாடி மாடியாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். "தாமரை அனாக் பெரெம்புவான் பெரியண்ணன்." பெரியண்ணன் மகள் தாமரை. யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். தாமரை அக்கா மைக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மேரி அக்கா தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார். "அடா" என்றார். இராமலிங்கம் உட்காரச் சொல்லவில்லை.

அடுத்து அவர் மைக்கை வாங்கி ஓர் அறிவிப்புச் செய்தார். வரப்போகும் மாநிலத் தேர்தலுக்கு முன்பு, மாநில உதவியில் இரண்டு புது லிஃப்ட் வருகிறதாம். சட்டமன்ற உறுப்பினர் வாங்கிக் கொடுத்தாராம். நம் நிதியில் கை வைக்க வேண்டாமாம். கூட்டம் சம்மதித்தால் போதுமாம். போன வருஷம் வளைவு கேட்ட அதே கைகள் முதலில் உயர்ந்தன. மேல்மாடி, கீழ்மாடி, எழுதிக் கொடுத்த தாள், எல்லாம் உயர்ந்தது. யாரும் எண்ணக்கூட இல்லை. அந்தக் கைகளின் காட்டில் தாமரை அக்காவின் கையும் ஒன்று. மேரி அக்கா அழுதுவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மேலிடத்தில் ஒருவன் நினைத்தால் வந்துவிடுகிற லிஃப்டுக்காக எங்களை இத்தனை வருஷம் ஒருவரோடொருவர் மோதவிட்டார்களே என்று பற்றிக்கொண்டும் வந்தது.

புது லிஃப்ட் வரும் வரைக்கும் படிதான். கூட்டம் முடிந்து நானும் தாமரை அக்காவும் ஏறினோம். என்னிடம் லிஃப்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார், மேரி இனி நிம்மதியாகப் போய்வருவாள் என்றார். மாடி திரும்பும் இடத்தில் மூச்சு வாங்கக் கைப்பிடியைப் பிடித்து நின்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் ஓட்டு தேவைப்படாதுன்னு தெரிஞ்சிருந்தா," என்றார், "இந்த வருஷமும் அவரு பேரக் கேட்டிருப்பேன்."